எல்போ அப்

காலை ஆறேகால் மணி. பையன் பேடு கட்டிக்கொண்டிருந்தான். அவன் அப்பா என்னைத் தனியாக ஓரம் கட்டினார்.

"சார், இந்தப் புரோட்டீன் பவுடர் குடுக்கலாமா?" கைப்பேசியில் ஒரு பெரிய கறுப்பு டப்பாவின் படம். "ஜிம்லயும் சேத்து விட்றலாம்னு இருக்கேன். நல்லாத்தான் கனெக்ட் பண்றான். ஆனா பால் போக மாட்டேங்குது சார். எப்பப் பாத்தாலும் லாங் ஆன்ல கேட்ச்."

பையனுக்குப் பதின்மூன்று வயது. மீசை அரும்பவில்லை. நான் அப்பாவுக்குப் பதில் சொல்லாமல் பையனைக் கூப்பிட்டு, "பேட்டைப் புடிச்சு நில்லு" என்றேன். நின்றான். மட்டையின் நுனியை இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. பஸ் படிக்கட்டில் தொங்குகிறவன் கம்பியைப் பிடிக்கிற பிடி.

"பவர் இல்லாம இல்ல சார்" என்றேன், அந்த விரல்களைக் காட்டி. "எல்லாத்தையும் இங்கயே செலவு பண்ணிடறான்."

அப்பாவுக்கு அது பதிலாகத் தெரியவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருக்காது. பேட்டிங் கோச்சாக இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் முதல் பாதி முழுக்க, பையன்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த வலுவை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன். பின்பாதியில் அதைத் திருப்பிக் கொடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இரண்டுக்கும் ஃபீஸ் வாங்கியிருக்கிறேன்.

*

நான் வளர்ந்தது சைதாப்பேட்டை. எனக்குப் பதினொரு வயதில் 1983 உலகக் கோப்பை. ஜூன் 25 அன்று, தெருவில் டிவி இருந்த இரண்டு வீட்டிலும் ஜன்னல் கம்பி தெரியாத அளவுக்குக் கூட்டம். ஆண்டி ராபர்ட்ஸ் போட்ட பந்தை நம்ம ஊர் ஸ்ரீகாந்த் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி ஸ்கொயர் டிரைவ் விளாசினார். இந்தியா எடுத்தது 183. அதில் அவர் 38. இரண்டு அணியையும் சேர்த்து அன்றைக்கு அதற்கு மேல் யாரும் எடுக்கவில்லை. மறுநாள் எங்கள் தெருப் பையன்கள் அத்தனை பேருக்கும் வலது முட்டி சிராய்த்திருந்தது.

அந்த வருடம்தான் என்னை ஒரு மாஸ்டரிடம் சேர்த்தார்கள். முதல் வாரமே அந்த ஷாட்டை அவரிடம் ஆடிக் காட்டினேன். கிரவுண்டைச் சுற்றி அஞ்சு ரவுண்டு ஓட விட்டார். பந்தைத் தூக்கி அடித்தால் அஞ்சு ரவுண்டு. அது நெட்டைத் தாண்டிப் போனால் பத்து. மட்டை நேராக விக்கெட் கீப்பரைப் பார்த்து மேலே போக வேண்டும், நேராக இறங்க வேண்டும், முன்கை முழங்கை உயர்ந்து நிற்க வேண்டும். நாள் முழுக்க அவர் குரலில் கேட்டது இரண்டே சொல்: "எல்போ அப்!"

"பிராட்மேன் டெஸ்ட்ல ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் ரன். அதுல சிக்ஸர் எத்தனை தெரியுமாடா? ஆறு. ஆறே ஆறு." மாஸ்டரின் வேதம் இது. கணக்கில் தப்பில்லை. 6,996 ரன்னில் ஆறு சிக்ஸர்தான். பல வருடம் கழித்து பிராட்மேன் ஆடுகிற பழைய படச்சுருளைப் பார்த்தேன். மனுஷன் மட்டையை நேராகவே தூக்கவில்லை. அது ஸ்லிப் பக்கம் சாய்ந்து மேலே போய், ஒரு வளைவு வளைந்து கீழே வருகிறது. எந்தச் சாமி பெயரைச் சொல்லி எங்களைக் கட்டிப்போட்டார்களோ, அந்தச் சாமியே அந்தக் கட்டுக்குள் இல்லை.

மாஸ்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பதினெட்டுப் பையன்களுக்கு மூன்று மட்டை. தோல் பந்து மாதத்துக்கு இரண்டு. மைதானத்தின் ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் மொட்டை மாடிகள். மாடிக்குப் போன பந்து திரும்பாது. கால்வாய்க்குப் போனது திரும்பினாலும் பந்தாக இருக்காது. மேட்டிங் விக்கெட்டில் கயிற்றுப் பாயின் முடிச்சில் பட்டு எகிறும் பந்துக்கு நேர் மட்டைதான் பாதுகாப்பு. தரையோடு ஆடு என்று அவர் சொன்னதில் கிரிக்கெட் பாதி, பந்தின் விலை பாதி. எனக்கு வந்து சேர்ந்தபோது விலை மறந்துபோய், வேதம் மட்டும் மிச்சமிருந்தது.

*

நான் மூன்றாம் டிவிஷன் வரை ஆடினேன். அதற்கு மேல் போக மாட்டேன் என்று தெரிந்ததும் விசிலை மாட்டிக்கொண்டேன். தொண்ணூறுகளின் கடைசியில், காசிமேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். பதினைந்து வயது. கை இரண்டும் முருங்கைக்காய். அதுவரை தோல் பந்தைத் தொட்டதில்லை. கடற்கரையில் டென்னிஸ் பால் மேட்ச் மட்டும். முதல் நாள் நெட்டில் அவன் சந்தித்த முதல் ஆறு பந்தில் மூன்று ரோட்டுக்குப் போயின. ஒன்று ஒரு தள்ளுவண்டிக்காரரின் தராசுத் தட்டில் விழுந்து, நான் போய்ச் சமாதானம் பேசி வாங்கி வந்தேன்.

இப்போது கண்ணை மூடினால் அவன் ஆடுவது ஒவ்வொரு அசைவாகத் தெரிகிறது. மட்டை பாயிண்ட் பக்கம் சாய்ந்து மேலே போகும். மணிக்கட்டு பின்னால் மடங்கும். முன்கால் லெக் பக்கம் கொஞ்சம் விலகி இடுப்புக்கு வழிவிடும். தலை மட்டும் நட்டுவைத்த கல் போல அசையாது. அன்றைக்கு இதில் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கோணல் மட்டை என்பது மட்டும்தான் தெரிந்தது.

டென்னிஸ் பால் பையன்களுக்கு அந்தச் சுற்று ஏன் வருகிறது என்பதற்குக் காரணம் பந்திலேயே இருக்கிறது. தோல் பந்து கிட்டத்தட்ட 160 கிராம். டென்னிஸ் பந்து 58 கிராம் சுமார். வேகமாக வரும் தோல் பந்துக்கு மட்டையைச் சரியாகக் காட்டினாலே அது தன் வேகத்தில் பவுண்டரிக்குப் போகும். டென்னிஸ் பந்து தரையில் பட்டதும் செத்துவிடும். அது நமக்கு ஒன்றும் கடன் தராது. வேகம் முழுவதையும் நாமே கைமுதலாகப் போட வேண்டும். அதனால் அந்தப் பையன்களின் உடம்பு, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே, காலிலிருந்து மணிக்கட்டு வரை எதையும் வீணாக்காமல் சுற்றப் பழகிக்கொள்கிறது. தோனியின் ஹெலிகாப்டர் ஷாட்டும் ராஞ்சியில் அவர் நண்பர் சந்தோஷ் லால் டென்னிஸ் பந்தில் அடித்ததைப் பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான்.

இதெல்லாம் தெரியாமல், காசிமேட்டுப் பையனை இரண்டு வருடம் "சரி" செய்தேன். பக்கத்தில் சுவரை வைத்து நிற்கவிட்டு, மட்டை அதில் உரசாமல் மேலே போய் வரும்படி தினமும் நூறு தடவை. உரசினால் மறுபடி ஒன்றிலிருந்து. என் மாஸ்டரின் குரல் என் தொண்டையிலிருந்து வந்தது: "எல்போ அப்!" பையன் சொன்னதைக் கேட்கிற ஜாதி. இரண்டு வருடத்தில் பாடப்புத்தகப் படம் போல ஆடினான். பார்த்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள். நான்காம் டிவிஷனில் ஒரு டீமில் சேர்த்துவிட்டேன். இருபது, பதினெட்டு, இருபத்தைந்து என்று எடுத்தான். அவன் அவுட்டாவதும் அழகாக இருந்தது. மூன்றாவது சீசனில் டீமில் எடுக்கவில்லை. வருவது நின்றுபோனது. அவன் என்ன ஆனான் என்று நான் விசாரிக்கவில்லை.

*

2008 ஏப்ரல் 18, பெங்களூரு. ஐபிஎல்லின் முதல் மேட்ச். பிரெண்டன் மெக்கல்லம் 73 பந்தில் 158, அவுட் இல்லை. பதின்மூன்று சிக்ஸர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெட்டுக்கு வந்த அப்பாக்கள் வேறு அப்பாக்கள். அதுவரை "இவன் ஸ்ட்ரெயிட்டா ஆடுறானா சார்?" என்று கேட்டவர்கள், "சிக்ஸர் எப்ப சொல்லிக்குடுப்பீங்க?" என்றார்கள். வருடங்கள் போகப்போக ஊரில் 'பவர் ஹிட்டிங்' என்று தனிப் பலகையே வைத்தார்கள். 2016-இல் டிஎன்பிஎல் வந்தபோது, நத்தத்திலும் திருநெல்வேலியிலும் நம் பையன்கள் விளக்கு வெளிச்சத்தில் சிக்ஸர் அடிப்பதை டிவி காட்டியது. என்னிடம் வந்த கூட்டம் குறைந்தது.

நானும் பலகை வைத்தேன். சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லாமல் வைத்தேன். "ஓங்கி அடிடா!" என்று கத்துவதுதான் என் பவர் ஹிட்டிங் பாடம். பையன்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தார்கள். பந்து முன்பைவிடக் குறைவாகப் போனது. எவ்வளவு பலமாக முயன்றார்களோ அவ்வளவு குட்டையாகப் போனது. இது எனக்குப் பெரிய புதிர்.

அந்தச் சமயத்தில் ஒரு பையனின் அப்பா, வினாடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசி ஒன்று வாங்கியிருந்தார். சாதாரண வீடியோவில் வினாடிக்கு முப்பது படம். மட்டை மேலே இருக்கும், அடுத்த படத்தில் கீழே இருக்கும், நடுவில் நடந்தது கலங்கலாகத் தெரியும். இதில் எல்லாம் மிதந்துகொண்டு நடந்தது. பையன்கள் ஒவ்வொருவரையும் எடுத்தேன். ஓங்கி அடிப்பவர்களில் கை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் திரும்பின, கதவு திறப்பது போல.

ஒரே ஒருத்தி மட்டும் வேறு மாதிரி. எங்கள் நெட்டில் அப்போது இருந்த ஒரே பெண் அவள். மாநகராட்சிப் பள்ளியில் வட்டு எறிந்துகொண்டிருந்தவள், ஹர்மன்பிரீத் கவுர் 2017 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை அடித்த 171-ஐப் பார்த்துவிட்டு, "எனக்கும் சொல்லிக்குடுங்க சார்" என்று வந்து நின்றாள். எங்கள் பையன்களில் பாதிப் பேரைவிட எடை குறைவு. அவள் அடித்தது எல்லாரையும் தாண்டிப் போனது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவள் முன்கால் ஊன்றிவிட்டது. இடுப்பு பந்தைப் பார்த்துத் திரும்பத் தொடங்கிவிட்டது. கை மட்டும் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருந்தது. தப்பு என்று நினைத்தேன். கை லேட்டாக வருகிறது என்று அவளிடம் சொல்லவும் சொன்னேன். நல்லவேளை, அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.

அதே மாதம் சைட் ஸ்கிரீன் துணியைத் துவைக்கக் கொடுக்க சேத்துப்பட்டு டோபிகானாவுக்குப் போனேன். அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், ஒட்டிய வயிறு, முழங்கால் வரை தண்ணீர். நனைந்த போர்வையை முறுக்கித் தோளுக்கு மேல் தூக்கினார். அவர் இடுப்பு கல்லைப் பார்த்துத் திரும்பியாகிவிட்டது. போர்வை இன்னும் முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் தோள் வந்தது. அப்புறம் கை. கை சட்டென்று நின்ற இடத்திலிருந்து துணி புறப்பட்டது. கல்லில் விழுந்த சத்தம் அதிர்வேட்டு மாதிரி இருந்தது. அடுத்தது. அடுத்தது. மூச்சுகூட வாங்கவில்லை.

"கை வலிக்காதா ஐயா?"

"கையால அடிச்சா வலிக்கும் தம்பி. மத்தியானத்துக்குள்ள செத்துருவேன்." போர்வையை மறுபடி முறுக்கினார். "நான் திரும்புறதோட சரி. துணியே போய் அடிச்சுக்கும்."

கொண்டுபோன துணியைக் கொடுக்காமலேயே திரும்பி வந்துவிட்டேன். மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

*

இப்போது என் நெட்டில் புதிதாக வருகிறவனுக்கு முதல் வாரம் மட்டை கிடையாது. ஈரத் துண்டு. நுனியில் ஒரு முடிச்சு. அதை மட்டை போலப் பிடித்துச் சுற்ற வேண்டும். சுற்றும்போது 'விர்ர்' என்று காற்றைக் கிழிக்கும் சத்தம் எங்கே கேட்கிறது என்பதுதான் பாடம். கையால் இழுக்கிறவனுக்கு அது பின்தோளுக்குப் பக்கத்திலேயே கேட்டு முடிந்துவிடும். பந்து வரும் இடத்தில் துண்டு செத்துப்போய்த்தான் வரும். காலும் இடுப்பும் முதலில் போய், கை கடைசியில் வந்தால், சத்தம் முன்காலைத் தாண்டிக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். சில நாள் நான் திரும்பி நின்றுகொண்டு, "பின்னாடி கேக்குது… இன்னும் பின்னாடிதான்… ஆ, இப்ப வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். வேடிக்கை பார்க்கிற அப்பாக்களுக்கு இந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தோன்றும்.

அடுத்தது விரல். பந்தும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் கை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்ற செய்தி பந்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அது கிளம்பிவிடும். பந்துக்குத் தெரிவது மட்டையின் எடையும், அந்த நொடியில் அதன் வேகமும், பட்ட இடமும்தான். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். அதனால் வேகம்தான் குறையும். "தோசைத் திருப்பியப் புடிக்கிற மாதிரிப் புடி" என்பேன். தோசையைத் திருப்புகிறவர் யாரும் கரண்டியை நெரிப்பதில்லை. ஆனால் அது கையை விட்டு நழுவுவதும் இல்லை.

மூன்றாவது முன்கால். ஓடிவரும் சைக்கிளின் முன்பிரேக்கைப் பிடித்தால் பின்சக்கரம் தூக்குவது போல, முன்கால் நின்றால்தான் மேலுடம்பின் வேகம் மட்டைக்குப் போகும். காலும் கூடவே ஓடினால் அந்த வேகம் முழுக்கக் காலோடு போய்விடும். பிளாஸ்டிக் கூம்பின் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்கிறேன். அடித்து முடித்த பிறகும் மூன்று எண்ணும்வரை அப்படியே நிற்க வேண்டும். தள்ளாடினால் அந்த அடி கணக்கில் இல்லை, எவ்வளவு தூரம் போயிருந்தாலும்.

சுவரைப் பார்த்துப் பக்கவாட்டில் நின்று இரண்டு கிலோ மெடிசின் பாலை இடுப்பால் எறிவது, கொஞ்சம் கனமான மட்டையால் ஆறு, லேசான மட்டையால் ஆறு, சொந்த மட்டையால் ஆறு என்று மாற்றி மாற்றிச் சுற்றுவது, இதெல்லாம் அப்புறம். இவற்றில் பல பேஸ்பால்காரர்கள் ரொம்ப நாளாகச் செய்கிறவை. வெட்கமில்லாமல் எடுத்துக்கொண்டோம்.

எத்தனை பந்து என்பதை அடிபட்டுக் கற்றேன். பலகை வைத்த புதிதில் ஒரு பதினான்கு வயதுப் பையனுக்குத் தினம் இருநூறு பந்து தூக்கி அடிக்கக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அவனால் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியவில்லை. கீழ்முதுகு. டாக்டர் ஆறு வாரம் மட்டையைத் தொடக் கூடாது என்றார். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். இப்போது முழு வேகத்தில் முப்பது பந்துதான், ஆறு ஆறாக, நடுவில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு. களைத்த உடம்பு கையைத்தான் துணைக்குக் கூப்பிடும். களைப்பில் அடிக்கிற ஒவ்வொரு பந்தும் பழைய கெட்ட பழக்கத்துக்குப் பயிற்சி.

மட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாலாஜா சாலைக் கடைகளில் இன்னமும் பவுண்டு, அவுன்ஸ் கணக்குத்தான். "ரெண்டு எட்டு" என்றால் இரண்டு பவுண்டு எட்டு அவுன்ஸ், ஏறக்குறைய 1,134 கிராம். அப்பாக்கள் "ரெண்டு பன்னெண்டு" கேட்பார்கள், கனமாக இருந்தால் தூரம் போகும் என்று. எடையை இரண்டு மடங்காக்கினால் மட்டையின் ஆற்றல் இரண்டு மடங்கு. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் நான்கு மடங்கு. பள்ளிக்கூடப் பாடம்தான், கடைக்குள் நுழைந்தால் மறந்துவிடுகிறது. அடுத்து ஓரத்தின் தடிமன். 2017 அக்டோபரிலிருந்து ஓரம் 40 மில்லிமீட்டர், நடுவில் 67 மில்லிமீட்டர் என்று விதியே வரம்பு கட்டிவிட்டது. நான் பார்ப்பது வேறு: மேல்கையால் மட்டும் பிடித்து, தோள் உயரத்துக்கு நீட்டி, நிதானமாகப் பத்து எண்ணும்வரை நுனி இறங்காமல் நிற்கிறதா? நின்றால் அது உன் மட்டை. இறங்கினால் அது உன் அப்பாவின் ஆசை.

*

இவ்வளவும் வந்த பிறகும் மேட்சில் பந்து போகாத பையன்கள் உண்டு. நெட்டில் ரோட்டுக்கு அடிப்பான். கடைசி ஓவரில் மிட் ஆனிடம் கொடுத்துவிட்டு வருவான். அவனுடைய விரலைப் பார்ப்பேன். ஆறு பந்தில் பன்னிரண்டு என்றதும் முட்டி வெளுத்திருக்கும்.

2018 மார்ச் 18 இரவு, கொழும்பு. நிதாஹாஸ் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பையன்களோடு சேர்ந்து பார்த்தேன். தினேஷ் கார்த்திக் இறங்கும்போது 12 பந்தில் 34 வேண்டும். சந்தித்த முதல் பந்தே சிக்ஸர். அந்த ஓவரில் 22. கடைசிப் பந்தில் ஐந்து வேண்டும்; சௌம்ய சர்க்கார் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே போட்டதை எக்ஸ்ட்ரா கவருக்கு மேல் அடித்தார். அது ஆகாயத்துக்கு ஏறவில்லை. கயிறு கட்டி இழுத்தது போலத் தட்டையாகப் போய் எல்லைக்கு அப்பால் விழுந்தது. எட்டுப் பந்தில் 29.

பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். அடங்கியதும் அந்தக் கடைசிப் பந்தை மறுபடி மறுபடி போட்டுக் காட்டினேன். "ஆள் என்ன பயில்வானா? முதல் பந்துக்குச் சுத்துனதையும் கடைசிப் பந்துக்குச் சுத்துனதையும் பாரு. ஏதாச்சும் அவசரம் தெரியுதா?" தெரியவில்லை. ஐந்து ரன் வேண்டும் என்ற செய்தி அவர் தலைக்குப் போயிருந்தது, விரலுக்குப் போகவில்லை.

இதற்கு என்னிடம் பெரிய வைத்தியம் எதுவும் கிடையாது. ஒரு சின்ன வைத்தியம் உண்டு. பல்லைக் கடித்தால் விரலும் கூடவே இறுகும். எனவே பவுலர் ஓடிவரும்போது வாய்க்குள் ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுக்கச் சொல்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே பல்லைக் கடிப்பது கஷ்டம். எங்கள் நெட்டில் ஆறு பையன்கள் ஒரே நேரத்தில் ஆறு பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் பஜனை மடமோ என்று நினைப்பீர்கள்.

*

இரண்டு வருடத்துக்கு முன்பு வடசென்னையில் ஒரு டென்னிஸ் பால் நைட் மேட்ச். பையன் ஒருவன் கூப்பிட்டான் என்று போயிருந்தேன். மைக்கில் கமென்ட்ரி சொல்கிறவர், "ஓப்பனிங் எறங்குறாரு, நம்ம ஏரியாவின் சுவர்!" என்றார். கூட்டம் சிரித்தது. இறங்கியவருக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். தொப்பை லேசாக எட்டிப் பார்த்தது. ஸ்டான்ஸ் எடுத்தார். மட்டை நேராக மேலே போனது. முழங்கை உயர்ந்தது. செத்து வந்த டென்னிஸ் பந்தை, தலை குனிந்து, நேர் மட்டையில், கச்சிதமாக டிரைவ் ஆடினார். பந்து மிட் ஆஃப் வரை உருண்டு நின்றது. சுற்றிலும் "தூக்குண்ணா! தூக்கி அடிண்ணா!" என்று சத்தம். எட்டு ஓவர் மேட்ச் அது. அவர் பதினோரு பந்தில் ஒன்பது ரன் எடுத்து, அழகாக அவுட்டானார்.

என்னைப் பார்த்துவிட்டு பேடோடு ஓடி வந்தார். அந்த மேட்சில் பேடு கட்டியிருந்த ஒரே ஆள் அவர்தான். காசிமேட்டுப் பையன். கையைப் பிடித்துக்கொண்டான். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"பாத்தீங்களா சார்? எல்போ இன்னும் எறங்கல."

"பாத்தேன்."

"இவனுங்களுக்கு டெக்னிக்னா என்னன்னே தெரியாது சார். சும்மா காட்டுத்தனமா சுத்துவானுங்க."

நான் தலையாட்டினேன். கடற்கரையில் அவன் சுற்றிய சுற்று எனக்கு ஞாபகம் இருந்தது. அவனுக்கு இல்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன். டீ வாங்கிக் கொடுத்தான், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

*

புரோட்டீன் டப்பா அப்பாவிடம், "முட்டை குடுங்க, ஒம்பது மணிக்குத் தூங்க வைங்க, ஜிம்மைப் பதினாறு வயசுல பாத்துக்கலாம்" என்றேன். உடம்பு தேறத் தேற அடியும் கூடும். அதை நான் மறுக்கவில்லை. அது தன் வயதில் தானாக வரும். இப்போதைக்குப் பையனிடம் இருப்பதே போதும், வழியை அடைக்காமல் விட்டால்.

பையனுக்கு மூன்று வாரம் துண்டு. நான்காவது வாரம் மட்டை. பந்தை எறிந்து கொடுக்கத் தயாரானேன். அவன் மட்டையைத் தூக்கினான். அது நேராகப் போகவில்லை. பாயிண்ட் பக்கமாகச் சாய்ந்து மேலே போனது.

"எல்…" என்பது வரை என் வாயில் வந்துவிட்டது. நாற்பது வருடப் பழக்கம். விழுங்கிக்கொண்டேன்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. விரலை விடு. என்ன பாட்டு இன்னிக்கி?"

சிரித்தான். எறிந்தேன். பந்து ஏறி, லாங் ஆனில் நின்றிருந்த பையன் கைக்கே போய் விழுந்தது. எல்லைக்கோட்டுக்கு அப்பா போய் நின்றிருந்தார். அவர் தலை தொங்கியது. நான் பந்து போன பக்கம் பார்க்கவில்லை. அந்தச் சத்தம், 'விர்ர்' என்று, அவன் முன்காலுக்கு அந்தப் பக்கம் கேட்டது.